எச்ஐவி பரிசோதனையில் ‘விண்டோ பீரியட்’ என்றால் என்ன?

கிருமி உடலில் நுழைந்த நாளுக்கும், பரிசோதனையில் அது தெரியவரும் நாளுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் இது. விரல் நுனியில் குத்திச் செய்யும் விரைவுச் சோதனை பெரும்பாலும் கிருமியைத் தேடுவதில்லை. அதை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. அது உருவாகித் தெரிய 90 நாள் வரை ஆகலாம். விதை போட்ட மறுநாள் பார்த்தால் வெறும் மண்தானே தெரியும்?

சங்கடம் என்னவென்றால், தொற்றிய முதல் சில வாரங்களில்தான் ரத்தத்தில் கிருமி எக்கச்சக்கமாக இருக்கும், எளிதில் பரவும். அதனால் 90 நாள் கழித்துச் செய்யும் மறுபரிசோதனை முடியும்வரை ஆணுறை கட்டாயம். (ஆணுறை கிழிந்து 72 மணி நேரம் தாண்டவில்லையா? உடனே மருத்துவரிடம் போங்கள், தடுப்பு மாத்திரை உண்டு.)

அப்புறம், உறவுகொண்ட மறுவாரமே ‘நெகட்டிவ்’ வந்தால் தப்பித்துவிட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த முடிவு 90 நாளுக்கு முந்தைய நிலவரத்தைத்தான் உறுதியாகச் சொல்கிறது.