எடுக்கவும் வழியிருந்தால் கொடுப்பார்களா? கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர் சொன்ன பதில்கள்.

கே: சோதனைகளில் முன்பின் தெரியாதவருக்குக் கைக்காசில் பங்கு கொடுக்கிறார்களாமே, நம்பலாமா சார்?

ப: கொடுத்தது உண்மை. ஏன் கொடுத்தார்கள் என்பதில்தான் சிக்கல். பொருளியலாளர் ஜான் லிஸ்ட் 2007-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். இருவருக்கும் ஆளுக்கு 5 டாலர், ஒருவருக்கு மட்டும் கூடுதலாக 5. அந்தக் கூடுதலில் விரும்பியதை எதிராளிக்குக் கொடுக்கலாம். 71 விழுக்காட்டினர் ஏதாவது கொடுத்தார்கள். அப்புறம் விதியில் ஒன்றைச் சேர்த்தார்கள்: வேண்டுமானால் எதிராளியிடமிருந்து 1 டாலர் எடுத்தும் கொள்ளலாம். கொடுத்தவர்கள் 35 விழுக்காடாகிவிட்டார்கள். 5 டாலர் வரை எடுக்கலாம் என்றதும் கொடுத்தவர்கள் வெறும் 10 விழுக்காடு. முதல் ஆட்டத்தில் சும்மா இருப்பதுதான் ஆகக் கேவலம். எடுக்க வழி வந்ததும் சும்மா இருப்பவரே கண்ணியவான்! இதை வைத்துப் பக்கத்து வீட்டுக்காரரைக் கஞ்சன் என்று முத்திரை குத்தாதீர்கள்.

கே: அப்போ மனிதன் சுயநலக்காரன்தானே?

ப: எடுக்க வழியிருந்தும் எடுக்காதவர்களையும் எண்ணுங்கள். முத்திரை வேண்டாம் என்றேன்.

கே: இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை இப்போது எடுக்கலாமா?

ப: இபிஎஃப் அலுவலகத்தில் கேளுங்கம்மா.

கே: பத்தைத் தனக்கு 8, எனக்கு 2 என்று ஒருவர் பிரித்தால் ஏற்கலாமா?

ப: அவருக்கு வேறு என்ன வழி இருந்தது? பொருளியலாளர்கள் ஃபால்க், ஃபெர், ஃபிஷ்பாக்கர் மூவரும் 2003-இல் இதைத்தான் பார்த்தார்கள். ஒருவர் பிரிப்பார், மற்றவர் ஏற்கலாம் அல்லது மறுக்கலாம்; மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. 5-5 என்று பிரிக்க வழியிருந்தும் 8-2 என்றவரை 44 விழுக்காட்டினர் மறுத்தார்கள். மற்ற வழி 10-0 மட்டுமே என்றபோது மறுத்தவர்கள் 9 விழுக்காடுதான். கைக்கு வருவது அதே 2.

கே: வருகிற 2-ஐ வேண்டாம் என்பவன் முட்டாள் சார்!

ப: அண்ணே, தோட்டத்தில் மேற்பார்க்கும் மண்டோர் உங்கள் செம்பனைக் குலைக் கணக்கில் குறைத்து எழுதினால், 'மிச்சமாவது கிடைக்கிறதே' என்று இருப்பீர்களா?

கே: அது திருட்டு. அது வேறு.

ப: ஏன் திருட்டு? சரியாக எழுத அவருக்கு வழியிருந்தது, அதனால்தானே? மழையில் வேலை நின்று சம்பளம் குறைந்த மாதம் மண்டோரையா திட்டினீர்கள்?

கே: அன்றைக்கும் திட்டினேன்.

ப: சரி, உங்களை எந்தச் சோதனையிலும் சேர்க்க முடியாது.

கே: அப்போ மண்டோர் கெட்டவரா சார்?

ப: முத்திரை குத்தாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது! அடுத்தவர் கேளுங்கள்.