ஒளிப்படம், காணொளிக் கலை வழியாக மனிதர்களின் கதையைச் சொல்வது எப்படி?

கேமரா ஒன்றை வாங்கியிருப்பதாகவும், ஊரில் உழைத்து வாழும் மனிதர்களின் கதைகளைப் படமாகவும் காணொளியாகவும் சொல்ல விரும்புவதாகவும், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். எந்த லென்ஸ், எந்த மென்பொருள் என்பதை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். நான் செய்த ஒரு தவற்றைச் சொல்வதுதான் உங்களுக்கு அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

தென்காசி மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுவார்கள். திருமணப் படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த நான், 2014-இல் ஒரு நாள் காலை, எதிர்வீட்டு அத்தை பீடி சுற்றுவதைப் படம் எடுத்தேன். மடியில் தட்டு, அதில் தூளும் வெட்டி அடுக்கிய இலையும், பக்கத்தில் நூல்கண்டு. சன்னல் வெளிச்சம் விரல்களில் விழ, முகம் பாதி நிழலில் இருந்தது. ஏறத்தாழ நூறு படங்கள் எடுத்தேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் அத்தை சிரித்துக்கொண்டோ, தெருவில் போகிறவர்களிடம் ஏதாவது கேட்டுக்கொண்டோ இருந்தார். ஒன்றில் மட்டும் புருவம் சுருங்கி, கண் தாழ்ந்து, உதடு இறுகியிருந்தது. அந்த ஒன்றைத் தேர்ந்து, கறுப்பு வெள்ளையாக்கி, 'வறுமையின் விரல்கள்' என்று தலைப்பிட்டு ஒரு போட்டிக்கு அனுப்பினேன். பரிசும் கிடைத்தது. சட்டமிட்ட படத்தைப் பெருமையோடு கொண்டுபோய்க் காட்டியபோது அத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏல, நான் அழுதுகிட்டா இருந்தேன்? அன்னைக்கு நூலுல்லா அந்துபோச்சு." பிறகு தலைப்பை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "இந்தக் கூலிய வச்சு மூணு பிள்ளையள படிக்க வச்சேன். அத எங்க எழுதியிருக்க?"

நூல் அறுந்த ஒரு நொடி எரிச்சலை நான் ஒரு வாழ்நாள் துயரமாக விற்றிருந்தேன். படத்தில் பொய் எதுவும் இல்லை. தொண்ணூற்றொன்பதை ஒதுக்கி ஒன்றைத் தேர்ந்ததிலும், அதன் கீழே நான் எழுதிய இரண்டு சொற்களிலும்தான் பொய் இருந்தது.

இதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகுதான் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டொரோதியா லாங் எடுத்த 'புலம்பெயர் தாய்' படத்தின் பின்கதையை முழுமையாகப் படித்தேன். படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்: கன்னத்தில் கைவைத்து எங்கோ பார்க்கும் ஒரு தாய், இரு தோள்களிலும் முகம் புதைத்த பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. 1936-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, கலிபோர்னியாவின் நிபோமோ என்ற ஊருக்கு அருகில், பயிர் அழிந்துபோன பட்டாணித் தோட்டத்தின் கூலிகள் தங்கியிருந்த முகாமில் எடுக்கப்பட்டது. அரசின் மறுகுடியமர்வு அமைப்புக்காக ஒரு மாதம் சுற்றிப் படமெடுத்துக் களைத்து வீடு திரும்பிக்கொண்டிருந்த லாங், அந்த முகாமின் பெயர்ப்பலகையைக் கடந்து இருபது மைல் போனபின் மனம் கேளாமல் வண்டியைத் திருப்பி வந்திருக்கிறார். அங்கே இருந்தது பத்து நிமிடம். அந்தப் பெண்ணின் பெயரையோ பூர்வீகத்தையோ கேட்கவில்லை என்று 1960-இல் அவரே எழுதினார். அவர்கள் உணவு வாங்குவதற்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டதாகவும் எழுதினார்.

அந்தப் பெண் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். அப்போது அவருக்கு வயது 32. செரோக்கி என்னும் அமெரிக்கப் பழங்குடி வழிவந்தவர். உலகம் அவரைப் பல பத்தாண்டுகள் பஞ்சத்தில் அடிபட்ட வெள்ளைக்கார விவசாயக் குடும்பத்துப் பெண்ணாகவே பார்த்து வந்தது. டயர் விற்ற கதையை அவருடைய குடும்பம் மறுத்தது: வழியில் கார் பழுதாகி நின்றது, அதைச் சரிசெய்ய ஆண்கள் ஊருக்குள் போயிருந்தார்கள், அவ்வளவுதான். படம் சான் பிரான்சிஸ்கோ செய்தித்தாளில் வந்ததும் அரசு அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு எடையுள்ள உணவு அனுப்பியது. அதற்குள் தாம்சனின் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டிருந்தது. 1978-இல் ஒரு செய்தியாளர் அவரைக் கண்டுபிடித்தபோது, அந்தப் படமே எடுக்கப்படாமல் இருந்திருக்கலாம் என்றும், அதனால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றும், ஒரு பிரதி அனுப்புவதாகச் சொன்னவர் அனுப்பவே இல்லை என்றும் அவர் சொன்னார்.

லாங்கைக் குற்றவாளியாக்க இதை எழுதவில்லை. மற்ற நேரங்களில் தாம் படமெடுத்தவர்கள் பேசியதைக் கவனமாகக் குறித்துவைக்கும் பழக்கம் உடையவர் அவர். கணவர் பால் டெய்லருடன் சேர்ந்து 1939-இல் வெளியிட்ட நூலில், படத்தில் இருப்பவர்கள் சொன்ன சொற்களையே படங்களுக்குக் கீழே அச்சிட்டார். அப்படிப்பட்டவருக்கே, களைத்திருந்த ஒரு நாளில், பெயரைக் கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. அந்தப் படம் அவருடைய ஆகச் சிறந்த படமாகவும் அமைந்துவிட்டது என்பது இன்னும் சங்கடமான செய்தி. நல்ல படம் எடுப்பதும் ஒருவரின் கதையைச் சொல்வதும் வேறு வேறு வேலைகள். முதலாவது கைகூடிவிட்டால் இரண்டாவதும் முடிந்துவிட்டதாக நமக்குத் தோன்றிவிடுகிறது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: கதை ஷட்டர் ஒலிக்குப் பிறகுதான் தொடங்குகிறது. எடுத்த படங்களை எடுத்துக்கொண்டு அதே வீட்டுக்குத் திரும்பிப் போங்கள். எல்லாவற்றையும் காட்டுங்கள், நீங்கள் தேர்ந்ததை மட்டும் அல்ல. இதில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். படத்தின் கீழே போகவேண்டியது அதுதான். ஓர் அச்சுப்பிரதியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். எங்கள் பக்கம் ஒரு பிரதி போட இருபது, முப்பது ரூபாய்தான் ஆகிறது.

தமிழில் இதைத் தொடர்ந்து செய்துவருபவர் என்று நான் மதிப்பவர் எம். பழனிக்குமார். கையால் மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றி 2017-இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த அவர், 'பாரி' எனப்படும் ஊரக இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகத்தில் பணியாற்றுகிறார். மீன் விற்கும் தம் தாயைப் படமெடுத்து எழுதியவர் என்பதும், தூய்மைப் பணியாளர், மீனவர் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கொடுத்துக் கற்பிக்கிறவர் என்பதும், அவர் யாருடைய பக்கத்தில் நின்று படமெடுக்கிறார் என்பதைச் சொல்லிவிடும்.

காணொளியைப் பற்றியும் கேட்டீர்கள். காணொளியில் நேரமும் ஒலியும் கிடைக்கின்றன. கூடவே அவசரமும் வந்து சேர்ந்துவிடுகிறது. பின்னணி இசையைப் போட்டு, மூன்று நொடிக்கு ஒருமுறை வெட்டி, முகத்தை நெருங்கி நெருங்கிக் காட்டினால் மனிதம் வெளிப்பட்டுவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். அதைக் கலைத்தது பிரெஞ்சுக் கலைஞர் சோஃபி கால் 2011-இல் செய்த ஒரு படைப்பு. கடல் சூழ்ந்த இஸ்தான்புல் நகரில் வாழ்ந்தும் கடலையே பார்த்திராத மனிதர்களை அவர் கரைக்கு அழைத்துப்போகிறார். கேமரா அவர்களுக்குப் பின்னால் நிற்கிறது. நமக்குத் தெரிவது ஒரு முதுகும் கடலும் மட்டுமே, கேட்பது அலையோசை. பார்த்து முடித்தபின் அவர்கள் மெல்லத் திரும்பி நம்மைப் பார்க்கிறார்கள். பேச்சு இல்லை, பேட்டி இல்லை. முதல் பார்வை அவர்களுக்கே உரியது என்று கேமரா ஒதுங்கி நிற்பதில் இருக்கும் மரியாதையை, எந்த நெருக்கக் காட்சியிலும் நான் கண்டதில்லை.

அதன்பிறகு அத்தையிடம் மறுபடி போனேன். இம்முறை ட்ரைபாடைத் திண்ணையின் ஓரத்தில் நிறுத்திவிட்டு, கேமராவை ஓடவிட்டு, நானும் இலை வெட்ட உட்கார்ந்தேன் (இருபது இலையில் பதினைந்தை வீணாக்கினேன், அந்த நட்டத்துக்கும் வசவு கிடைத்தது). ஐந்து காலைகள் இப்படிக் கழிந்தன. முதல் நாள் முழுக்க அவர் கேமராவுக்காகச் சுற்றினார். மூன்றாம் நாள்தான் அதை மறந்தார். கத்தரிச் சத்தம், இலையை நனைக்கத் தெளிக்கும் தண்ணீர், பேரனின் வீட்டுப்பாடத்தைக் கண்ணை எடுக்காமலே திருத்தும் குரல், தட்டைப் பார்க்காமல் தானாக ஓடும் விரல்கள் எல்லாம் சேர்ந்து பதினைந்து நிமிடக் காணொளியாயின. அதில் நான்கு நிமிடம், இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் கடையில் நடப்பதைப் பற்றியது: கொடுக்கும் இலை மட்டமாக இருப்பது, அதை ஈடுகட்டத் தன் காசில் இலை வாங்குவது, நல்ல பீடியையும் கழித்துப் போடுவது. மொத்தப் படத்திலும் அதுதான் உயிர். வெளியிடும் முன் அத்தைக்கும் அவர் வீட்டாருக்கும் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். தன் பெயரைப் போட வேண்டாம் என்றார், அந்த நான்கு நிமிடத்தையும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன். திரையிட்ட இடத்தில் ஒரு நண்பர், படம் நன்றாக இருக்கிறது, ஆனால் நடுவில் ஏதோ குறைகிறது என்றார்.

இப்போது அத்தைக்குக் கை நடுங்குகிறது. பீடி சுற்றுவதை நிறுத்திவிட்டார். போன மாதம் பார்க்கப் போனபோது, இனி அந்தப் பகுதியைச் சேர்த்துவிடலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். "மருமவ அதே கடைக்குத்தான பீடி போடுதா. இருக்கட்டும், விடுல."