உள்ளங்கை அளவு மீனுக்கு என்ன வயது?

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தில் சிக்கும் ஜிலேபி மீன்கள் மூன்று ஆண்டுகளாக உள்ளங்கை அளவைத் தாண்டுவதே இல்லை. "குஞ்சுகளை விட்டுவைத்தால்தான் பெரிதாகும்" என்று ஊரில் சிலர் மீன் பிடிப்பதையே நிறுத்தச் சொல்கிறார்கள். இவை உண்மையில் குஞ்சுகள்தாமா? மீனின் வயதை அறிய வழி உண்டா?
– வாசகர், சூலூர் வட்டாரம்

பதில்: அடுத்த முறை மீன் அரியும்போது வயிற்றுக்குள் கவனித்துப் பாருங்கள். உள்ளங்கை அளவு மீனில் சினை இருந்தால் அது குஞ்சு அன்று, தாய். ஆடுமாடுகளைப் போல அளவைக் கொண்டு மீனின் வயதைச் சொல்ல முடியாது. தீனியும் இடமும் குறைந்தால் அதன் வளர்ச்சி மட்டும் தேங்கும், வயது ஏறிக்கொண்டே போகும்.

வயதை அறியச் செதிலே எளிய வழி. முதுகுத் துடுப்புக்குக் கீழே, பக்கக்கோட்டுக்கு (மீனின் விலாவில் நீளவாக்கில் ஓடும் கோடு) மேலே உள்ள இடத்திலிருந்து நான்கைந்து செதில்களை எடுத்து, வழுவழுப்புப் போகக் கழுவி, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் பார்த்தால், நடுவிலிருந்து விளிம்பு வரை மெல்லிய கோடுகள் வளையம் வளையமாகத் தெரியும். மீன் நன்றாக வளர்ந்த காலத்தில் அக்கோடுகள் இடைவெளி விட்டும், வளர்ச்சி தளர்ந்த காலத்தில் நெருங்கியும் அமையும். அந்த நெருக்கத்தையே வளர்ச்சித் தடையின் அடையாளமாகக் கொள்கிறோம். நடுப்பகுதி கோடின்றி வெறுமையாக இருந்தால், பழைய செதில் உதிர்ந்தபின் முளைத்த புதுச் செதில் அது, அதை ஒதுக்கிவிடுங்கள்.

குளிர்நாடுகளில் குளிர்காலத்துக்கு ஒன்றாக இந்த அடையாளம் விழுவதால் எண்ணுவது எளிது. நம் கொங்கு நாட்டுக் குளங்களிலோ கோடையில் நீர் வற்றுவதாலும் விழலாம், சினைக்காலத்தாலும் விழலாம். ஜிலேபி ஆண்டுக்குப் பலமுறை சினைப்படுவதால், அதன் செதிலில் மூன்று அடையாளங்களைக் கண்டதும் மூன்று வயது என்று முடிவு கட்டுவது பிழை. தலைக்குள் இருக்கும் காதுக்கல் இன்னும் நம்பகமானது. அதில் நாள்தோறும் ஓர் அடுக்கு படிவதை 1971-இல் ஜியார்ஜியோ பன்னெல்லா என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். ஆனால் கல்லைத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் வேலையை வீட்டில் செய்ய இயலாது.

உங்கள் குளத்தில் கட்லா விட்டிருந்தால் அதை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். தேங்கிய குளத்து நீரில் கட்லா இனப்பெருக்கம் செய்வதில்லை. பண்ணையிலிருந்து வாங்கி விட்ட குஞ்சு மட்டுமே அங்கே இருக்கும். குஞ்சு விட்ட தேதி குத்தகைதாரரிடம் இருக்குமாதலால், வயது தெரிந்த அந்த மீனின் செதிலில் எத்தனை அடையாளங்கள் விழுந்திருக்கின்றன என்று பார்த்தால், உங்கள் குளத்தின் கோடையும் மழையும் கட்லாவின் செதிலில் எப்படிப் பதிகின்றன என்பது புரியும். ஜிலேபிக்கு அதை அப்படியே பொருத்திவிடக் கூடாது என்றாலும், வெறும் ஊகத்தைவிட அது மேல்.

1952-இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீனான ஜிலேபி, நெரிசலான நீர்நிலையில் சில மாதங்களிலேயே, சிறிய உடலோடே முதிர்ந்து முட்டையிடும். தாய் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும் நாள்களில் தீனி எடுப்பதில்லை. பெண்மீன் ஆணைவிடச் சிறுத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அமராவதி அணையில் வலைக்காரர்களுக்குப் பிழைப்பளிக்கும் ஜிலேபி, ஊர்க் குட்டையில் முள்ளும் தோலுமாய் நிற்பது இதனால்தான். பொதுவாக மீனின் நீளம் இரட்டித்தால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும். ஆகவே நீளத்தில் இரண்டு விரற்கடை குறைந்தாலும் தராசில் இழப்பு பெரிது.

வெவ்வேறு அளவுள்ள முப்பது, நாற்பது மீன்களை எடுத்து நீளத்தையும் சினையையும் குறித்துக்கொள்ளுங்கள். சிறியவற்றிலும் சினை நிறைந்திருந்தால் பிடிப்பதை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கூட்டம் பெருகி மீன் இன்னும் சிறுக்கும். அக்குளத்தில் சிறு கண்ணி வலையால் அரித்தெடுப்பதே சரி, விரால் இருந்தால் அதை மட்டும் விட்டுவையுங்கள். ஜிலேபிக் குஞ்சுகளை அது தின்று குறைக்கும்.