நெயில் பாலிஷ் பூசி உரித்தும் இலைத்துளை தெரியவில்லையே, ஏன்?

இலைத்துளை என்பது இலை காற்றையும் நீராவியையும் பரிமாறிக்கொள்ளும் நுண்ணிய வழி. அதை நுண்ணோக்கியில் பார்க்க, இலைமேல் பாலிஷ் பூசி, காய்ந்ததும் உரித்து அச்செடுத்தாள் உங்கள் மகள்; அவள் எடுத்தது அரளி இலை என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். அரளியின் இலைத்துளைகள் இலைப்பரப்பில் இருப்பதில்லை. அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் குழிகள் உண்டு. துளைகள் அந்தக் குழிகளுக்குள், மயிர்களுக்கு நடுவே ஒளிந்திருக்கின்றன. குழிக்குள் காற்று அசையாமல் நிற்பதால் நீர் மெதுவாகத்தான் வெளியேறும். வறட்சியை அரளி தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பாலிஷ் அந்தக் குழிக்குள் சரியாக இறங்காது, இறங்கினாலும் உரிக்கும்போது கிழிந்துவிடும். ஆகவே அவள் செய்முறையைக் குறை சொல்லாதீர்கள். (அரளிப் பால் நச்சு. கையை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள்.)

ரியோ செடியின் இலையை எடுங்கள். மேலே பச்சை, அடியில் ஊதா, நர்சரிகளில் சாதாரணமாகக் கிடைக்கும். மணி பிளான்ட்டும் ஆகும். பூசணி போன்ற மயிருள்ள இலைகள் வேண்டாம். அல்லியென்றால் மேல்பக்கத்தில் பூச வேண்டும். இலை தண்ணீரில் படுத்திருப்பதால் அதற்குத் துளைகள் மேலேதான்.

முந்தின நாள் மாலையே செடிக்குத் தண்ணீர் ஊற்றி, காலை 9, 10 மணிக்கு வெளிச்சத்தில் இருக்கும்போது, இலையைப் பறிக்காமலே பூசுங்கள். பறித்து வாடினால் துளைகள் மூடிக்கொள்ளும். தூசியை ஈரப் பஞ்சால் துடைத்துக் காயவிட்டு, நிறமில்லாத பாலிஷை அடிப்பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரே ஒரு மெல்லிய பூச்சாகப் போடுங்கள். தடித்தால் உரிக்கும்போது இலைத்தோலும் சேர்ந்து வரும். 10 முதல் 15 நிமிடம் காய்ந்ததும் தெளிவான செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, மெதுவாக உரித்து ஸ்லைடில் ஒட்டுங்கள். தண்ணீரோ கவர் ஸ்லிப்போ தேவையில்லை.

பலர் கோட்டைவிடுவது இதற்கப்புறம். அச்சுக்கு நிறம் கிடையாது. விளக்கை முழுதாகத் திறந்து வைத்தால் வெறும் வெள்ளைதான் தெரியும். நுண்ணோக்கி மேடைக்குக் கீழே ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் டயாபிரத்தைப் பாதிக்கு மேல் மூடி, முதலில் 10 மடங்கு லென்ஸில் ஃபோகஸ் செய்து, பிறகு 40க்குப் போங்கள். அவரை விதையைப் போல எதிரெதிராக வளைந்த இரண்டு காப்புச் செல்கள் தெரியும். அவற்றுக்கு நடுவில் இருப்பதுதான் துளை.

துளை திறந்து மூடுவதையே காட்ட வேண்டுமானால் அச்சு உதவாது. ரியோவின் ஊதாத் தோலைக் கிழித்துத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். பிறகு 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் உப்புக் கரைத்து ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். காப்புச் செல் நீரை இழந்து தளரும், துளை மூடும். உயிருள்ள இலையில் இந்த வேலையைச் செய்வது பொட்டாசியம் அயனிகள். அவை செல்லுக்குள் போனால் நீரும் பின்னாலேயே போகும், செல் உப்பி வளையும், வழி திறக்கும்.

காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.04 சதவீதம்தான். உணவு தயாரிக்க அதைப் பிடிக்கத் திறந்த வாசல் வழியாகவே ஈரமும் போய்விடுகிறது. ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகள் வெளியேறுகின்றன. கள்ளியும் அன்னாசியும் இரவில் திறந்து பகலில் மூடுவது இந்த இழப்பைத் தவிர்க்கத்தான்.

இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 'செடி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் கார்பன் டை ஆக்சைடு விடும்' என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். செடி இரவும் பகலும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதைவிட வேகமாக நடப்பதால் நிகரமாக ஆக்சிஜன் மிஞ்சுகிறது, அவ்வளவே. அந்த அரைகுறைப் பாடத்தை நம்பித்தான் படுக்கையறைத் தொட்டிச் செடியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பக்கத்தில் படுத்திருக்கும் மனிதர் விடுவதோடு ஒப்பிட்டால் அந்தச் செடி விடுவது மிகச் சொற்பம்.

'நெயில் பாலிஷெல்லாம் அறிவியலா?' என்று யாராவது இங்கே கேட்கலாம். இலைப்பரப்பை அச்செடுத்து எண்ணும் முறை ஆய்வகங்களிலும் உண்டு. அவளும் எண்ணட்டும். 10 மடங்கு ஐபீஸில் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ்) பார்வை வட்டத்தின் எண் 18 என்று அச்சிட்டிருந்தால், 40 மடங்கு லென்ஸில் தெரியும் வட்டத்தின் விட்டம் 18ஐ 40ஆல் வகுத்த 0.45 மி.மீ.; பரப்பு சுமார் 0.16 சதுர மி.மீ. அதற்குள் 8 துளைகள் இருந்தால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 50. ஓர் இடத்தோடு நிறுத்தாமல் ஐந்து இடங்களில் எண்ணிச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். நடு நரம்பை ஒட்டிய பகுதி வேண்டாம், அங்கே எண்ணிக்கை மாறிவிடும்.