பாசிச்செடியையும் ஸ்லோத்தையும் எண்ணிக்கையால் ஒப்பிடலாமா?

பாசிச்செடிக்கு 'எத்தனை எஞ்சியுள்ளன' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டாம். பாசிச்செடியும், ஸ்லோத் என்னும் மெதுவாக நகரும் மரவாழ் விலங்கும் வாழும் பரப்பளவை ஒப்பிடும்படி மகளிடம் சொல்லுங்கள். சுங்கை சிப்புட்டில் படிக்கும் உங்கள் மகளின், அருகிவரும் இனங்களை ஒப்பிடும் அறிவியல் ஒப்படைப்பு அந்தக் கட்டத்தில்தான் நின்றுபோனது என்று எழுதியிருந்தீர்கள். விலங்குக்கான அட்டவணையைச் செடிக்கும் அப்படியே பயன்படுத்தியதே காரணமாக இருக்கக்கூடும்.

2001இல் தனி இனமாக அறிவிக்கப்பட்ட குள்ள ஸ்லோத், பனாமாவின் எஸ்குடோ தெ வெராகுவாஸ் என்னும், ஏறத்தாழ 4.3 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவில் மட்டுமே வாழ்கிறது. டெர்பிஷயர் இறகுப்பாசியோ இங்கிலாந்தில் ஒரே ஒரு சுண்ணாம்புப் பாறை ஓடையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஓடை மாசுபட்டால் அதற்கு வேறு புகலிடம் இல்லை என்பதை மகள் அவசியம் எழுத வேண்டும்.

பாசிச்செடியை ஏன் எண்ண முடியாது என்ற ஐயம் இருந்தால், தோட்டத்துப் பால்மரத்தின் அடியில் படர்ந்த பாசியை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். பின்னிக் கிடக்கும் அந்தத் தண்டுகளில் ஒரு செடி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க இயலாது.

ஆனால், பரப்பு சிறியது என்பதனால் மட்டும், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என். ஓர் இனத்தை அருகிவரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. வாழிடம் சுருங்குவது போன்ற சான்றுகளும் வேண்டும். ஸ்லோத்தின் உரோமத்தில் தெரியும் பச்சை நிறம் ஆல்கா என்னும் நுண்ணிய உயிரியினுடையது. அதைப் பாசிச்செடி என்று எழுதிவிட வேண்டாம்.