‘ஃபார்’, ‘சின்ஸ்’ – எதை எங்கே போடுவது?

‘இரண்டு வருஷமாக ஹட்டனில் இருக்கிறேன்’ என்பதை ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் இன் ஹட்டன் சின்ஸ் டூ இயர்ஸ்’ என்று எழுதினேன், டீச்சர் ஏன் பிழை போட்டார் என்று கேட்டிருக்கிறீங்க, தங்கச்சி. அதில் இரண்டு பிழை இருக்கிறது.

முதலாவது சுலபம். தமிழில் ‘ஆக’ வந்தால் ‘ஃபார்’, ‘இலிருந்து’ வந்தால் ‘சின்ஸ்’. அம்மா மூன்று மணித்தியாலமாகக் கொழுந்து பறிக்கிறார் என்றால் ‘ஃபார் த்ரீ அவர்ஸ்’, ஏழு மணியிலிருந்து பறிக்கிறார் என்றால் ‘சின்ஸ் செவன்’. ஒன்று கால அளவு, மற்றது தொடங்கிய நேரம்.

இரண்டாவதில்தான் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதும் பிள்ளைகள் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள், அது உங்கள் குற்றமில்லை, தமிழில் ‘இருக்கிறேன்’ என்று நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுகிறோம், ஆனால் முன்பே தொடங்கி இன்னும் தொடர்வதற்கு ஆங்கிலத்தில் ‘ஹேவ் பீன்’ வேண்டும். ஆக, ‘ஐ ஹேவ் பீன் இன் ஹட்டன் ஃபார் டூ இயர்ஸ்’. அம்மாவுக்கு ‘ஷி ஹேஸ் பீன் பிளக்கிங் டீ சின்ஸ் செவன்’.

அப்புறம் ஒன்று, ‘ஐ லிவ்ட் இன் பதுளை ஃபார் டூ இயர்ஸ்’ என்பதும் சரிதான். ஆனால் அதைக் கேட்பவர், நீங்கள் இப்போது பதுளையில் இல்லை என்றுதான் விளங்கிக்கொள்வார்.