வாசகர் கேள்வி: பேச்சுக் குறைந்த ஒரு பிரெஞ்சுப் படம்

கேள்வி: பிரான்சில் எடுக்கப்பட்ட ஒரு குறும்படம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நாடகமாக ஒளிபரப்பாகி, ஒஸ்கார் விருதும் பெற்றதாக எங்கள் ஆசிரியர் கூறினார். அது எந்தப் படம்? பிரெஞ்சு தெரியாத எங்களுக்கு விளங்குமா? தோட்டத்து நண்பர்களுடன் கைபேசியில் ஒரு குறும்படம் எடுக்கவிருப்பதால் கேட்கிறேன்.
– வாசகி ஒருவர், பொகவந்தலாவ

பதில்: உங்கள் ஆசிரியர் குறிப்பிட்டது ரொபேர் என்ரிக்கோ இயக்கிய ‘லா ரிவியேர் து இபூ’, அதாவது ‘ஆந்தை ஆறு’ என்னும் படமாகும். அம்புரோஸ் பியர்ஸ் 1890 இல் வெளியிட்ட அமெரிக்கச் சிறுகதையே அதன் மூலம். 1962 இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கப்பனை விருதை வென்ற அப்படத்தை, ‘த ட்வைலைட் ஸோன்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரினர் விலைக்கு வாங்கி, 1964 பெப்ரவரி 28 அன்று தம் தொடரின் ஓர் அத்தியாயமாகவே ஒளிபரப்பினார்கள்; புதிதாக ஒன்றை எடுப்பதைவிட அது மலிவாகவும் இருந்தது. ஒஸ்கார் அதே ஆண்டு ஏப்ரலில் கிடைத்தது.

மொழி குறித்து நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. பிரெஞ்சு நன்கு தெரிந்தவருக்கும் அப்படத்தில் காதுகொடுத்துக் கேட்கப் பேச்சு அதிகமில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஒரு ரயில் பாலத்தின் மீது படைவீரர்கள் ஒருவனைத் தூக்கிலிட ஆயத்தமாகிறார்கள். கயிறு அறுந்து அவன் ஆற்றில் விழுந்து, மனைவி இருக்கும் வீட்டை நோக்கி ஓடத் தொடங்குகிறான். நம் மலையகத்தில் பாலம் என்றதும் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் பின்னணியாக நிறுத்திப் பாட்டெடுப்பதே வழக்கமாகிவிட்டது. என்ரிக்கோவின் பாலமோ அழகுக்காக நிற்பதன்று, அதன் பலகையும் கயிறுமே கதையை நகர்த்துகின்றன.

நீங்கள் கவனிக்க வேண்டியது அவர் காலத்தைக் கையாளும் விதத்தைத்தான். சாவின் விளிம்பில் நிற்பவனுக்கு ஒரு நொடி எவ்வளவு நீளும் என்பதை எவரும் வாய்திறந்து சொல்வதில்லை. நீரிலிருந்து தலைதூக்கியவன் ஓர் இலையையும் அதன்மீதுள்ள சிறு பூச்சியையும் முதன்முறை காண்பவன்போல் பார்ப்பதிலேயே அது நமக்குப் புலப்பட்டுவிடுகிறது. நம்மவர் படங்களிலோ, லயத்து வாசலில் அழுதபடி நிற்கும் தாய் தான் அழுவதற்கான காரணத்தையும் வசனமாகச் சொல்லியாக வேண்டும், அதற்குமேல் வயலினும் ஒலிக்க வேண்டும். உங்கள் படத்தின் வசனங்களை எழுதி முடித்தபின் பாதியை வெட்டிப் பாருங்கள். வெட்டிய இடத்தில் மழை தகரத்தில் விழும் ஓசை போதுமாக இருக்கக்கூடும்.

படம் 28 நிமிடந்தான். அதன் முடிவை வேண்டுமென்றே இங்கு எழுதவில்லை. பார்ப்பதற்கு முன் எவரேனும் சொல்ல வந்தால், தயவுசெய்து காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.